துணி காயும் நேரம்

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சிராங்கூன் ரோட்டை அளக்கப் புறப்பட்ட அண்ணாதுரை எதையும் விட்டுவைப்பதாக இல்லை. இரட்டை மாடி பஸ்ஸின் உயரத்தை எழுதிக்கொண்டான். நடைபாதை மரங்கள் வருஷத்துக்கு எவ்வளவு வளரும் என்று, கிளை வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரை நிறுத்திக் கேட்டான். விளக்குக் கம்பம், நகைக்கடைப் பலகை, மாடிக் கொடிக்கம்பம் எல்லாம் நோட்டில் ஏறின. புறாக்கள் எந்த விளிம்பில் உட்காருகின்றன என்றுகூடக் குறித்துக்கொண்டான். தேக்கா மார்க்கெட்டிலிருந்து மீனும் முருங்கைக்கீரையுமாக வந்த அவன் மனைவி லட்சுமி, நடுரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்த புருஷனைப் பத்து நிமிஷம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டாள்.

"வெயில்ல நின்னு யாரத் தேடுறீங்க?"

"பாதையைப் பாக்குறேன். இங்கேருந்து அந்தத் திடல் வரைக்கும் கண்ணுக்குத் தெரியணும். சும்மா தெரிஞ்சாப் பத்தாது. சுத்தியும் எடம் இருக்கணும்."

"கண்ணுக்குத் தெரிஞ்சா அப்புறம் என்ன?"

அவன் அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்த பாகற்காய் ஒன்றை உருவினான். "சிக்னல் நூல் மாதிரிப் போகாது லட்சுமி. இப்படித்தான் போகும். ரெண்டு முனையும் ஒடுங்கி, நடுவுல பருத்து. நம்ம பாதையில நடு எடத்துல மேல ரெண்டு மீட்டர், கீழ ரெண்டு மீட்டர். அதுல பாதிக்கு மேல காலியா இருந்தாத்தான் வேல செய்யும்."

"சரி, பாகற்காயக் குடுங்க. அதுவும் குழம்புல வேல செய்யணும்."

அண்ணாதுரை பத்தொன்பது வருஷம் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் இந்த வேலையைத்தான் பார்த்தான். எந்தக் கூரையில் எத்தனை மீட்டரில் ஆன்டெனாவை வைத்தால் எத்தனை தூரம் போகும் என்று கணக்குப் போடுகிற வேலை. மார்ச் மாதம் ஆட்குறைப்பில் அவன் பெயரும் வந்தது. நாற்பத்தொன்பது வயதில் ஒரு மடிக்கணினியும் ஏணியும் வைத்துக்கொண்டு சொந்தக் கம்பெனி பதிந்தான். அதே வாரத்தில் பஸ் ஓட்டுநர் வேலைக்கான ஃபாரம் ஒன்றையும் வாங்கிவந்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு ஒட்டினான். முதல் வேலை சரியாக அமைந்துவிட்டால் இந்தத் தொழிலிலேயே இருப்பேன், இல்லையென்றால் ஃபாரத்தைக் கொடுத்துவிடுவேன் என்பது அவன் பேச்சு. பஸ் ஓட்டுவது கேவலமா என்ன என்று லட்சுமி கேட்டதற்கு, கேவலம் இல்லை, ஆனால் எனக்குத் தெரிந்தது இது என்றான். அதைச் சொன்னபோது அவன் குரல் இறங்கியதை அவள் மறக்கவில்லை.

அந்த முதல் வேலையைப் பிடித்துக் கொடுத்தவளே லட்சுமிதான். சிராங்கூன் ரோட்டில் ஒரு பழைய கடைவீட்டின் இரண்டாம் மாடியில் டாக்டர் கபிலனின் கிளினிக் இருக்கிறது. லட்சுமி அங்கே பதினான்கு வருஷமாக நர்ஸ். தீபாவளிச் சந்தை நடக்கும் திடலில் கிளினிக் ஒவ்வொரு வருஷமும் முதலுதவிக் கூடாரம் போடும். போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்தார். லட்சுமி இசிஜி எடுத்துவிட்டு டாக்டருக்குப் படம் அனுப்பப் பார்த்தாள். அத்தனை கூட்டத்தில் அத்தனை கைப்பேசிகள்; எதுவும் போகவில்லை, எதுவும் வரவில்லை. ஒரு தொண்டூழியர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு காகிதத்தோடு ஓடினார். டாக்டர் வந்து சேரப் பதினோரு நிமிஷம். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். லட்சுமிக்கு மட்டும் அந்தப் பதினோரு நிமிஷம் வருஷம் முழுவதும் நடந்துகொண்டே இருந்தது. இந்த வருஷம் கூடாரத்துக்கும் கிளினிக்குக்கும் நடுவே யாருடைய நெட்வொர்க்கையும் நம்பாமல் நேரடியாக ஓர் இணைப்பு வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "எங்க வீட்டுக்காரர் செய்வார் டாக்டர்" என்று சொல்லிவிட்டாள்.

முந்நூற்று எண்பது மீட்டர் தூரம். கிளினிக் சுவரில் ஒரு சதுரப் பேனல், திடலில் கூடாரத்துக்குப் பக்கத்தில் நடும் இரும்புக் கம்பத்தின் தலையில் இன்னொன்று. காகிதக் கணக்கில் மைனஸ் ஐம்பத்தொன்று வரவேண்டும். செப்டம்பர் முதல் வாரம் மாட்டிப் பார்த்தபோது மைனஸ் ஐம்பத்து மூன்று வந்தது. மைனஸுக்குப் பின்னால் வரும் எண் சிறியதாக இருக்க இருக்க நல்லது; எழுபதைத் தாண்டினால் படம் திக்கும், எண்பதை நெருங்கினால் அறுந்துவிடும். கணக்குக்கும் நடப்புக்கும் இரண்டே வித்தியாசம் என்றால் இந்தத் தொழிலில் அது மார்தட்டிக்கொள்ளக்கூடிய சங்கதி. அண்ணாதுரை மார்தட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அன்று வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டான்.

அடுத்த ஞாயிறு காலை கோப்பிக்கடையில் பிராட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் எண் மாறியது. ஐம்பத்து மூன்று, அறுபத்தொன்று, எழுபது, எழுபத்தெட்டு. ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைத்துக் கையைக்கூடக் கழுவாமல் ரோட்டுக்கு ஓடினான். ஒரு தடத்தை அடைத்து கிரேன் லாரி நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் கயிற்றை இழுத்துப் பிடிக்க, இரண்டு மயில்களும் நடுவில் பெரிய தாமரையுமாகத் தீபாவளி அலங்கார வளைவு ஒன்று இந்த நடைபாதையிலிருந்து அந்த நடைபாதை வரைக்கும் ரோட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு இடம் விட்டு அதற்கு மேலே ஐந்து மீட்டர் உயரத்துக்கு இரும்புச் சட்டம். தாமரை சரியாக அவனுடைய பாகற்காயின் நடுவில் உட்கார்ந்தது.

அவன் பிறந்தது தேக்காவில். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அந்த வளைவுக்குக் கீழே நடந்திருக்கிறான். கல்யாணமான வருஷம் லட்சுமியை அதன் கீழ் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறான். தீபாவளிக்காகவே போட்ட இணைப்பு. புறா உட்காரும் இடத்தைக் குறித்தவன் இதைக் குறிக்கவில்லை. ஜூலையில் ரோட்டைப் பார்த்தான், ஜூலையில் இருந்ததை எழுதினான்.

வீட்டுக்கு வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. லட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்னன்னு சொல்லுங்க."

சொன்னான். அவள் முதலில் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தீபாவளிக்கு லைட் போடுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"சிரி."

"இல்லங்க. வெளியூர்க்காரன் யாராச்சும் வந்திருந்தாக்கூட நாலு பேருகிட்ட விசாரிச்சிருப்பான். நம்மளுக்குத் தெரியும்னுல்ல விட்டுட்டீங்க." சிரிப்பு நின்றுபோனது. "டாக்டர்கிட்ட நான்ல சொன்னேன். நாளைக்கு என்ன மூஞ்ச வெச்சிக்கிட்டு உள்ள போறது?"

"நான் வந்து சொல்றேன்."

"கம்பத்த ஒசத்த முடியாதா?"

"திடல்ல ஒசத்தலாம். கிளினிக் பக்கம் முடியாது. அது பழைய கட்டடம், கூரைக்கு மேல கம்பம் நட்டா பெர்மிட் வாங்கவே ரெண்டு மூணு மாசம் ஆகும். எறக்குனா பஸ். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அறுந்து அறுந்து வரும்."

மறுநாள் டாக்டர் கபிலன் அவன் சொன்னதை முழுவதும் கேட்டார். குட்டையானவர், நிதானமானவர், மேசையில் எப்போதும் ஒரு டப்பா முறுக்கு வைத்திருப்பவர். ஜன்னல் பக்கம் போய் மயிலைப் பார்த்தார்.

"நானும் தினம் இதுக்குக் கீழதான் நடக்குறேன். எனக்கும் தோணலயே" என்றார். "ஆனா அண்ணாதுரை, சந்த தொறக்க நாலு வாரம்தான் இருக்கு. தொறக்குறதுக்கு முந்தின சனிக்கிழமை காலையில பத்து மணிலேருந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓட்டிப் பாப்போம். ஒரு தடவகூட நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா நான் ஆளுங்கள வாடகைக்கு எடுத்து ஓட விட்டுர்றேன். அது எனக்கு நிச்சயம்."

"சரி டாக்டர்."

"கோபம் இல்ல. ஒங்க லட்சுமி போன வருஷம் அங்க தனியா நின்னா. அதனால சொல்றேன்."

ஒரு வாரம் அண்ணாதுரை கூரை கூரையாக அலைந்தான். எந்தக் கட்டடத்தில் கேட்டாலும் கடிதம் எழுது, கமிட்டி கூடும், பார்த்துச் சொல்கிறோம். செவ்வாய்க்கிழமை மாலை சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தவன் தம்ளரை வைக்க மறந்தான். அவர்கள் வீடு ரோவல் ரோட்டுப் பக்கத்து பிளாக்கில் பதினோராம் மாடி. ஜன்னலுக்கு இடப்பக்கம் கடைவீட்டுக் கூரைகளுக்கு நடுவே கிளினிக்கின் பச்சைச் சுவர். வலப்பக்கம் திடல். வளைவு எங்கோ கீழே, தீப்பெட்டி அளவுக்கு.

"இங்கேருந்தே ரெண்டும் தெரியுது" என்றான்.

"பதினாறு வருஷமா தெரியுது" என்றாள் லட்சுமி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "நீங்கதான் இந்தப் பக்கம் வர்றதில்ல."

சிக்னல் நேரே போகாவிட்டால் வீட்டுக்கு வந்து திரும்பிப் போகட்டும் என்று முடிவானது. ஜன்னலின் உள்பக்கம் கம்பியில் இரண்டு பேனல்; ஒன்று கிளினிக்கைப் பார்க்க, ஒன்று திடலைப் பார்க்க. திடலைப் பார்க்கிற பேனலை ஜன்னலின் மேல் விளிம்பை ஒட்டித்தான் வைக்க முடிந்தது. நடுவில் பலமாடிக் கார் நிறுத்தத்தின் தண்ணீர்த் தொட்டி இருந்தது. மேல் விளிம்பில் வைத்தால் தொட்டிக்கு மேலே மட்டுக்கு மட்டாக இடம் கிடைத்தது. ஒரு முழம் இறக்கினால் அதுவும் போய்விடும். அவன் மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மேலேயே மாட்டினான்.

நேர்படுத்தும் வேலைக்கு இன்னொரு முனையில் ஆள் வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் லட்சுமி கிளினிக்கில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கைப்பேசியில் எண்ணை வாசித்தாள்.

"எழுபத்தொண்ணு. எழுபத்தொண்ணு. அறுபத்தெட்டு. கொறையுது, நல்லதுதானே?"

"நல்லது. வாசி."

"சுகர் மாதிரின்னு வெச்சிக்குறேன். அறுபத்து மூணு. அறுபது. அய்யோ ஏறிடுச்சு, அறுபத்தாறு."

"தாண்டிட்டேன். திரும்பி வர்றேன்."

"மெதுவா வாங்க. அறுபத்தொண்ணு. அம்பத்தொம்போது. அம்பத்தேழு. அப்படியே நில்லுங்க."

"நிக்கிறேன். முறுக்கிட்டேன்."

"அம்பத்தேழுலயே நிக்குது." லட்சுமி எண்ணைக் குறித்துக்கொண்டாள். "நல்லாத்தான் செய்யிறீங்க" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் கடைசி நோயாளி போனதும் திடலுக்கு நடந்துபோய், அந்த முனைக்கும் எண் வாசித்தாள். ஐம்பத்தொன்பதில் நின்றது. அண்ணாதுரை அன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினான்.

அந்தச் சந்தோஷம் ஒரு ராத்திரிதான். மறுநாள் காலை ஒன்பதேகாலுக்குத் திடல் பக்கத்து எண் எழுபத்தாறுக்கு விழுந்தது. அண்ணாதுரை அப்போது திடலில் கம்பத்தடியில் நின்றிருந்தான். மேலே ஏறிப் பார்த்தான், ஒன்றும் இல்லை. பத்தரைக்கு எழுபத்திரண்டு, பதினொன்றேகாலுக்கு அறுபத்தாறு, ஒரு மணிக்குப் பழையபடி ஐம்பத்தொன்பது. அடுத்த நாளும் ஒன்பதேகால். அதற்கடுத்த நாளும். வெயிலில் ரேடியோ சூடாகிறதோ என்று நிழல் தகடு அடித்தான். தண்ணீர்த் தொட்டியில் வேலை நடக்கிறதோ என்று கார் நிறுத்தத்தின் மொட்டை மாடிக்கே போனான். ரேடியோவை மாற்றினான், வயரை மாற்றினான். அவன் வீட்டுக்கு வந்து பார்க்கிற நேரத்துக்கு எண் சரியாகியிருக்கும். ஒன்பது நாள் போயின. ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஃபாரம் கையில் உரசியது. புதன்கிழமை ராத்திரி அதை எடுத்துப் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி மறுபடி ஒட்டினான். லட்சுமி அதைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. அவன் திடலுக்குப் போயிருந்தான். ஒன்பது நாள் அளவுகளையும் ஒரே தாளில் வரைந்து மேசையில் விட்டுப் போயிருந்தான். கோடு காலையில் தொப்பென்று குழியில் விழுந்து, அப்புறம் மெல்ல மெல்ல மேலேறி, மத்தியானம் சமமாகிறது. நடுவில் மழை பெய்த ஒரு நாள் மட்டும் குழியே இல்லை. லட்சுமி காப்பியை ஆற்றிக்கொண்டே அதைப் பார்த்தாள். படிக்கத் தெரியாத பாஷை என்றுதான் நினைத்தாள். ஆனால் தொப்பென்று இறங்கி மெல்ல ஏறுகிற அந்தச் சரிவு அவளுக்குத் தெரிந்ததாக இருந்தது. மழை நாளில் இல்லை. வெயில் கடுமையான நாளில் சீக்கிரம் ஏறுகிறது. மேகமூட்டத்தில் தாமதமாக ஏறுகிறது.

மணி ஒன்பதேகால் ஆனது. மேல்வீட்டு ஜன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் மூங்கில் கழியைச் சுவர்க் குழாயில் செருகுகிற சத்தம் கேட்டது. ஜன்னலின் மேல் பாதியை மறைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட ஒரு நீலக்கோடு போட்ட படுக்கை விரிப்பு இறங்கி வந்தது.

அவள் புருஷனுக்குப் போன் செய்தாள். "இப்ப நம்பர் என்ன?"

"விழுந்துருச்சு. எழுபத்தாறு."

"துணி காயிற நேரங்க அது. நீங்க வரைஞ்சு வெச்சிருக்கீங்களே, அந்தக் கோடு. ஈரத்துணி. மேல்வீட்டு பெட்ஷீட்."

"ஈரம்னா சிக்னலக் குடிச்சிரும்" என்றான் மெதுவாக. "காயக் காய விடும். நம்ம துணி கழிக்குக் கீழ தொங்குது, பேனலுக்குத் தொந்தரவில்லன்னு மட்டும் பாத்தேன். மேல யோசிக்கல. நான் போய்ச் சொல்றேன் அவங்ககிட்ட."

"நீங்க வேணாம்."

மேல்வீட்டில் ஆஸ்மாவும் அவள் கணவர் சாகுல் ஹமீதும் இருக்கிறார்கள். இரண்டு குடும்பமும் ஒரே வருஷம் குடிவந்தவை. பிரியாணி கீழே வரும், அதிரசம் மேலே போகும். ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு தீபாவளி வாரத்தில் ஆஸ்மா வீட்டு ஈரத்துணி லட்சுமியின் காய்ந்த புதுச்சேலையில் சாயத்தோடு சொட்டியது. அது மூன்றாவது தடவை. ஒரு மாடி ஏறிச் சொல்லியிருக்கலாம். லட்சுமி, பிளாக்கைப் பராமரிக்கும் டவுன் கவுன்சிலுக்குப் புகார் எழுதினாள். சீருடை போட்ட ஆள் எச்சரிக்கைத் தாளோடு ஆஸ்மா வீட்டுக் கதவைத் தட்டியபோது உள்ளே அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு லிஃப்டில் சந்தித்தால் இருவரும் மாடி எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாளாக ஆக, ஆஸ்மா வேறு நேரத்தில் லிஃப்ட் ஏறுகிறாள் போலிருக்கிறது என்று லட்சுமி நினைத்துக்கொண்டாள். நிம்மதியாகக்கூட இருந்தது.

"நீங்க போனா ஒங்க வேலைக்காகப் போன மாதிரி மட்டும் ஆயிடும்" என்றாள் போனில். "லெட்டர் போட்டது நான்."

அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு படியில் ஏறினாள். பதினாறு படி. ஆஸ்மா மரக்கதவைத் திறந்தாள். கம்பிக் கதவைத் திறக்கவில்லை. மெலிந்திருந்தாள். உள்ளேயிருந்து டெட்டாலும் பவுடரும் அவற்றுக்கு அடியில் இன்னொன்றுமாக ஒரு வாசனை வந்தது. பதினான்கு வருஷ நர்ஸுக்கு அந்த இன்னொன்று தெரியும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு,

"யாருக்குக்கா முடியல?" என்றாள்.

"அவுகளுக்குத்தான். ஸ்ட்ரோக்கு. எட்டு மாசமாச்சு."

"எட்டு மாசமா?"

"லிஃப்ட்ல ஆளக் காணமேன்னு ஒனக்குத் தோணல?"

"தோணலக்கா." வேறு என்ன சொன்னாலும் பொய்யாகும் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆஸ்மா அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "இது என்னா? மறுபடியும் லெட்டரா?"

"இல்லக்கா." கம்பி வழியாக நீட்டினாள். கணவன் வேலை, டாக்டர், சனிக்கிழமை சோதனை, ஜன்னல் பேனல் எல்லாம் சொன்னாள். மறைக்கவில்லை. "சிக்னல் விழுந்து விழுந்து ஏறுது. என்னன்னு தெரியாம ஒன்பது நாளா அலையிறாரு. இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. இந்தக் குழியெல்லாம் ஒங்க பெட்ஷீட்டு."

ஆஸ்மா தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். விரலை வைத்து ஒவ்வொரு குழியாகப் போனாள். ஒரு நாளில் விரல் நின்றது.

"இங்க ரெண்டு குழி இருக்கு."

"ஆமா. சனிக்கிழம."

"அன்னைக்கு வயித்தால போச்சு. ரெண்டு தடவ மாத்துனேன்." இன்னும் கொஞ்சம் நகர்ந்தது விரல். "இந்த மழ நாளு, வீட்டுக்குள்ளயே நாக்காலில போட்டுக் காய வெச்சேன். எல்லாம் இதுல இருக்கே." அவள் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "எட்டு மாசத்துல அவுகளப் பத்தி எழுதி வெச்ச ஒரே ஆளு நீங்கதான். அதுவும் தெரியாம."

லட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எழுதியிருக்கக் கூடாதுக்கா. மேல வந்து சொல்லியிருக்கணும்."

"வந்திருக்கணும்லா. பதினாறு படிதானே." ஆஸ்மாவின் குரலில் சூடு இல்லை, களைப்புதான் இருந்தது. "அந்தச் சம்பந்தம் நின்னுபோச்சு. பரவால்ல, அடுத்தது நல்ல எடமா வந்துச்சு. மவ ஜொகூர்ல இருக்கா, வாரம் ஒரு தடவ வருவா. இப்பவும் நீ வேலைக்காவத்தான வந்த?"

"ஆமாக்கா. அதுக்காகத்தான் வந்தேன்."

"பெட்ஷீட்ட ஒணத்தாம இருக்க என்னால முடியாது. டிரையர் வெக்க எடமில்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலு போட்டதுல ஹால்ல நடக்கவே வழியில்ல."

"ஒணத்த வேணாம்னு சொல்ல வரல. எங்கிட்டக் குடுங்க. எங்க கழில போடுறேன். அது பேனலுக்குக் கீழ இருக்கு, மறைக்காது. காலையில நானே வந்து எடுத்துக்கிறேன், வேலைக்குப் போறதுக்கு முன்ன."

"நாத்தம் இருக்கும்."

"அக்கா, நான் என்ன வேல பாக்குறேன்?"

ஆஸ்மா இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கம்பிக் கதவைத் திறந்தாள். லட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

"சாகுலண்ணே, கீழ்வீட்டு லட்சுமி" என்றாள். அவருக்கு வாய் ஒரு பக்கம்தான் அசைந்தது. இடது கை விரிப்பின் மேல் மெல்லத் தட்டியது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைப் பார்த்தாள். தண்டுவட அடியில் காசளவு சிவந்திருந்தது. "இன்னும் புண்ணாகல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்பிப் போடணும்க்கா. எப்படின்னு காட்டுறேன், ஒங்க இடுப்பு போயிடாம" என்றாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு லட்சுமி மேலே போய் ஒரு வாளியோடு இறங்கி வந்தாள். நீலக்கோட்டு விரிப்பும் இரண்டு தலையணை உறையும் அவள் கழியில் ஏறின. பத்தாம் மாடிக்காரர் எட்டிப் பார்த்தார். சொட்டாமல் பிழிந்திருக்கிறேன் என்று அவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் திடலுக்குப் போனாள். டாக்டர் கபிலன் கிளினிக்கில் திரைக்கு முன்னால் முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்தார். அண்ணாதுரை வீட்டில் பேனலுக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

ஒன்பதேகால் தாண்டியது. ஐம்பத்தொன்பது. பத்து மணிக்கு டாக்டர் கணக்கைத் தொடங்கினார். பதினொன்று, பன்னிரண்டு. கோடு மேசை விளிம்பு போலக் கிடந்தது. கூடாரத்தில் யாருமில்லாததால் லட்சுமி தன் இசிஜியையே எடுத்து அனுப்பினாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, சரியாகத் தூங்குவதில்லையா என்று திரையில் கேட்டார். மூன்று மணிக்கு வானம் இருட்டிக் கொட்டியது. அண்ணாதுரை எண்ணைப் பார்த்தான்: அறுபது. மழை ஒன்றே ஒன்றைத்தான் தின்றது. அப்புறம்தான் கழி ஞாபகம் வந்தது. பாய்ந்து போய் விரிப்பை இழுத்தான். பாதி நனைந்திருந்தது. ஹாலில் நாற்காலிகளின் மேலும் சோபாவின் மேலும் விரித்து மின்விசிறியைப் போட்டான். சமையலறைப் பக்கம் ஒரு தலையணை உறையைக்கூட அண்டவிடவில்லை.

இரவு பத்து மணிக்கு டாக்டர் அவனைக் கூப்பிட்டார். "நிக்கல அண்ணாதுரை. ஒரு தடவகூட நிக்கல. தாளை அனுப்புங்க, கையெழுத்துப் போடுறேன்." கொஞ்சம் பொறுத்து, "என் ஃபிரெண்ட் ஒருத்தர் தெம்பனிஸ்ல ரெண்டு கிட்டங்கிக்கு நடுவுல இதே மாதிரி கேக்குறாரு. நம்பர் குடுக்கவா?" என்றார்.

"குடுங்க டாக்டர்." போனை வைத்துவிட்டு அவன் அழுதான். வீட்டில் யாரும் இல்லாததால் துடைத்துக்கொள்ளவும் அவசரப்படவில்லை.

ஃபிரிட்ஜில் இருந்த ஃபாரத்தை லட்சுமிதான் மறுநாள் கழற்றினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. சாகுல் அண்ணனை எந்தெந்த மணிக்குத் திருப்பிப் போட வேண்டும், எந்த மாத்திரை எப்போது என்று பெரிய எழுத்தில் எழுதி, மேல்வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்தாள்.

சந்தை நடந்தது, தீபாவளி வந்தது, போனது. கூடாரத்திலிருந்து கிளினிக்குக்கு நாலு இசிஜியும் எண்ணற்ற வெட்டுக்காயமும் போயின. யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை. நவம்பர் நடுவில் ஒரு ஞாயிறு கிரேன் வந்து மயில்களை இறக்கியது. அன்று மத்தியானமே அண்ணாதுரை ஜன்னலிலிருந்து இரண்டு பேனலையும் கழற்றிப் பெட்டியில் போட்டான்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு லட்சுமி வாளியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?" என்றான் அண்ணாதுரை. "அதான் கழட்டியாச்சே. இனிமே அவங்க மேலயே காயப்போடலாமே."

"மேல போட்டா கீழ சொட்டும்ங்க" என்று சொல்லிவிட்டு லட்சுமி படியேறினாள்.